ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டு வாச்

என் அக்கா புருஷன், மச்சான் செபஸ்தி, ஒரு பொய்யர். முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பல்செட் ஆடச் சிரிப்பார்.

எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் அவர் சொல்வது ஒரே கதை. "நம்ம மாப்ளைக்கு கல்யாண அவசரம். கர்ஃபியூ எடுக்கிற வரைக்கும்கூட பொறுக்கல. கோட்டு போட்டுக்கிட்டு ரோட்டுல எறங்கிட்டாரு. பொலிஸ்காரன் புடிச்சு பெஞ்சுல உட்கார வச்சான்!" எல்லோரும் சிரிப்பார்கள். என் பிள்ளைகள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

பெஞ்சு உண்மை. அவசரம் பொய்.

கலவர வருடம் அது. கண்டியில் ஊரடங்கு. அன்று பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை மட்டும் தளர்த்துவதாக அறிவித்தார்கள். அதற்குள் எனக்கும் மேரிக்கும் கல்யாணத்தை முடித்துவிட பாதர் ஏற்பாடு செய்திருந்தார். மேரி வீட்டார் வத்தேகமவிலிருந்து முதல் நாளே வந்து கோயிலுக்குப் பக்கத்து மடத்தில் தங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறது. தாலி ஏறினால் மேரி இங்கே. ஏறாவிட்டால் அவளும் கப்பலில். அவள் அப்பாவுக்குக் கப்பல்தான் விருப்பம். (என்னிடமே சொன்னார். ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.)

காலையில் என் வாச்சைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருந்தது. கண்டி மழையில் வேறென்ன நடக்கும்? பின்வேலியால் நுழைந்து அக்கா வீட்டுக்குப் போனேன். செபஸ்தி மச்சானின் வானொலி பழைய வால்வு வானொலி, பின்மூடி இல்லாதது. ஓடினால் உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு.

"குடுங்க மாப்ள, ஒரு மணி நேரத்துல காய்ஞ்சிரும்" என்றார். காலைச் செய்தியில் நேரம் சரிபார்த்து, என்னுடையதை ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டினாற்போல வைத்தார். "நம்மளதும் சேர்ந்து காயட்டும்" என்று தன் தம்பி டுபாயிலிருந்து அனுப்பிய குவார்ட்ஸ் வாச்சையும் பக்கத்தில் வைத்தார். அது நனையவே இல்லை.

ஸ்பீக்கரின் முதுகில் இருப்பது காந்தம். அது அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தவர் மாதிரிப் பேசியது அவர்தான்.

ஒரு மணி நேரம் ஆனதும் கரண்ட் போனது. வானொலி செத்தது. அவர் தன் வாச்சைக் கட்டிக்கொண்டார், நான் என்னுடையதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். "நீங்க பன்னெண்டுக்கு நேரா கோயிலுக்கு போங்க. தாலி அக்கா அலுமாரியில இருக்கு, எடுத்துக்கிட்டு பின்னாலயே வர்றோம்" என்றார்.

என்னுடையது ஆட்டோமேட்டிக். கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். முறுக்கிய வேகத்தை அளந்து விடுவது தலைமுடி மாதிரி ஒரு சுருள் கம்பி. அது சுருங்கி விரிவதுதான் டிக் டிக். காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கம்பி குட்டையாகிவிடும், டிக் டிக் வேகமாகும். (கோபத்தில் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டது.)

என் வாச்சில் பன்னிரண்டு ஆனபோது ஊரில் பதினொன்றரைகூட ஆகவில்லை. ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. சனம் பயந்து கிடக்கிறது, நான்தான் தைரியசாலி என்று நினைத்தேன். கோட்டு, டை, குடை. சந்தியில் சார்ஜன்ட் மறித்தார்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் அதட்டினார்.

"கல்யாணத்துக்கு சேர்."

"யாரு கல்யாணம்?"

"என்னோடதுதான் சேர்."

அவர் தன் வாச்சை என் மூக்கின் கீழ் நீட்டினார். பிறகு என்னுடையதைக் காதில் வைத்துக் கேட்டார். "இது என்ன, குதிரை ஓடுற மாதிரி ஓடுது? உனக்கும் இதுக்கும் ஒரே பைத்தியமா?" என்று பெஞ்சைக் காட்டினார். சுட்டுத் தள்ளியிருக்கலாம். சிரித்துக்கொண்டே பன்னிரண்டு வரை உட்கார வைத்தார். விட்டதும் ஓடினேன்.

கோயிலில் மேரி இருந்தாள், பாதர் இருந்தார். தாலி இல்லை.

குவார்ட்ஸுக்குள் சுருள் கம்பி கிடையாது. பட்டரி கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு சின்னக் கல் அதிரும். அந்த அதிர்வை எண்ணி ஒரு குட்டி மோட்டார் வினாடிக்கு ஒரு தரம் முள்ளைத் தள்ளும். பெரிய காந்தம் பக்கத்தில் இருந்தால் மோட்டார் அசையாது. எடுத்துவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்ற இடத்திலிருந்து ஓடும். மச்சானின் வாச் ஒரு மணித்தியாலம் பின்னால் போயிருந்தது. அதை அவர் கடைசிவரை கவனிக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ரோட்டில் சனம் ஓடியதைப் பார்த்து அக்கா, "நேரமாயிருச்சுங்க" என்றாளாம். "டுபாய் வாச் பொய் சொல்லுமா? ஏதோ கலாட்டா, சனம் பயந்து ஓடுது" என்று இவர் கதவைத் தாழ்ப்பாள் போட்டாராம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு மணி தாண்டியது. வத்தேகமவுக்குத் திரும்பும் வேன் வாசலில் ஹோர்ன் அடித்தது. மேரியின் அப்பா எழுந்தார். "தாலிய மறந்துட்டு வந்த ஆளுக்கா பொண்ணு? வாம்மா போவோம்."

மேரி கதிரையை விட்டு எழும்பவில்லை. "வேன்காரன இன்னும் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். அவள் எனக்காகச் செய்த முதல் வேலை அது.

அப்போதுதான் அக்கா ஓடி வந்தாள். பின்னால் செபஸ்தி மச்சான் நிதானமாக, வெற்றிலை மென்றபடி. "என்ன மாப்ள, அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டீங்களா?"

பாதர் பிரசங்கத்தை விட்டுவிட்டார். தாலி கட்டி முடித்ததும் மாமனார் என் கையைக்கூடப் பிடிக்காமல் வேனில் ஏறினார். கப்பலும் ஏறினார். அங்கிருந்து வந்த கடிதம் எல்லாவற்றிலும் நான் "தாலியை மறந்த மாப்பிள்ளை"தான். அப்படியே நினைத்துக்கொண்டு செத்தும் போனார்.

இதைச் சொன்னால் மேரி, "உங்க சண்டையில என்ன ஏன் இழுக்கிறீங்க? கப்பலே தேவலாம்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன்" என்கிறாள். பிள்ளைகள் அதற்கும் சிரிக்கிறார்கள்.

அடுத்த மாதம் மச்சானின் பேத்திக்குக் கல்யாணம். வழக்கம்போல மைக்கைப் பிடிப்பார், வழக்கம்போல என் பெஞ்சுக் கதையைச் சொல்வார். சொல்லட்டும். மச்சான், அதே மைக்கில், அத்தனை பேர் முன்னாலும், இதற்கும் பதில் சொல்லுங்கள்: நான் பெஞ்சிலிருந்து எழும்பிப் போன பிறகு, தாலியை வைத்துக்கொண்டு அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?