பொறி பறக்கும் தூரம்

வெல்டிங் வேலையில் முதலில் போவது கண் என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவி வருகிறது. படித்தவர்கள்கூட இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய பிழையைக் கண்டும் காணாமல் விடுவது சமூகத்துக்குச் செய்யும் துரோகம். ஆகவே இங்கேயே திருத்திவிடலாம். கண் போவது இரண்டாவது. முதலில் போவது முன்னறை.

இதைச் சொந்த முயற்சியில் கண்டறிந்தவர் ஒரு வெல்டர். அவரிடம் டீசல் இன்ஜினோடு ஒட்டிப் பிறந்த வெல்டிங் மெஷின் ஒன்று இருந்தது. கரன்ட் இல்லாத இடத்திலும் இரும்பை ஒட்டும். கிளப்பினால் தெருவிலுள்ள ஜன்னல்களெல்லாம் தாளம் போடும். அதை நிறுத்தியிருந்த வாடகைக் கொட்டகையை அதன் சொந்தக்காரர் இடித்துத் தள்ளிவிட்டார். கையிலோ ஒரு பெரிய இரும்பு கேட் ஆர்டர். உடனே இடம் வேண்டும்.

இடம் வீட்டிலேயே இருந்தது. முன்னறை. தெருவைப் பார்த்து ஷட்டர், உயரமான கூரை, சிமென்ட் தரை. குறை ஒன்றே ஒன்றுதான். அங்கே அவர் மனைவியின் தையற்கடை இருந்தது. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, இடுப்புயரத்துக்குத் துணி.

வேறொருவர் என்றால் மனைவியிடம் கேட்டிருப்பார். கேட்பதிலுள்ள ஆபத்து வெல்டருக்குத் தெரியும். கேட்டால் பதில் வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட அவர் ஜெயித்ததில்லை. எனவே கேட்பதில்லை, பயமுறுத்துவது என்று தீர்மானித்தார். பயமுறுத்துவதற்கு அவரிடம் சரக்கு இருந்தது. பாதுகாப்பு விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த விஷயத்தில் ஊரே அவர் பேச்சை மதிக்கும். வீடு மட்டும் எப்படி மதிக்காமல் போகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினை இழுத்துவந்து முன்னறை வாசலில் நிறுத்தினார். சாட்சிக்குப் பக்கத்துக் கடை மருந்துக்காரரையும் அழைத்துக்கொண்டார். அவர் கையில் டீ டம்ளருடன் வந்து சேர்ந்தார்.

"அண்ணே, நீங்களும் கேளுங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான் சொல்லலைன்னு ஆகிடக் கூடாது."

மனைவி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு காலரைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவள் வாய் காலியாவது நல்ல சகுனமில்லை என்பதை வெல்டர் அப்போது கவனிக்கவில்லை.

"பொறி இருக்கே, பொறி," என்று தொடங்கினார். "அது உருகின இரும்பு. தரையில விழுந்து, உருண்டு, சந்துபொந்துல புகுந்து, முப்பத்தஞ்சு அடி வரைக்கும் போகும். அதுக்குள்ள துணி இருக்கக் கூடாது."

"நூலுங்க?"

"நூலா! நூல் வெச்சிருந்த டப்பாகூட இருக்கக் கூடாது."

"அய்யய்யோ! அப்ப நான் எங்க போறது?"

"வீட்டுக்குப் பின்னால நம்ம கொட்டகை சும்மாதானே கெடக்கு?"

"சரிங்க," என்றாள்.

வெல்டர் திகைத்துப்போனார். அழுகை, கோபம், அவளுடைய அண்ணன், இப்படி எதை எடுத்தாலும் பதில் சொல்ல இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். எல்லாம் வீண்.

"நெசமாவா?"

"உசிரை விடவா கடை பெருசு? ஆனா ஒண்ணுங்க. எனக்கு இந்த மெஷின் சமாச்சாரம் ஒரு எழவும் தெரியாது. தெரியாத்தனமா எதையாவது பண்ணித் தொலைச்சுட்டா? நீங்க ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்துருங்க."

புத்திசாலி இந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். ஆனால் பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள் என்று வெல்டரிடம் கேட்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை நிற்கச் சொல்வது போல. இன்னொன்றும் உண்டு. அவருக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் பழி சுமத்த முடியாது. சிநேகிதர்கள், சீட்டாட்டம், தாமதமாக வந்த காரணம் ஆகிய துறைகளில் அவர் நல்ல தேர்ச்சி பெற்றவர். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அவர் நாக்கு வளையாது.

"மொதல்ல புகை," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்ஜின் புகையில ஒரு விஷ வாயு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. லேசா தலை வலிக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். படுத்தா எந்திரிக்கவே மாட்டோம். அதனால ரூமுக்குள்ள இன்ஜினை ஓட்டவே கூடாது. கதவைத் தொறந்து வெச்சாலும் கூடாது. ஃபேனைப் போட்டாலும் கூடாது. திறந்தவெளி! திறந்தவெளி மட்டும்தான்!"

கடைசிச் சொல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மனைவி நான்கு சுவர்களையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பார்த்தாள்.

"இது என்னங்க, ரூமா? வெளியா?"

"ரூம் மாதிரிதாம்மா தெரியுது," என்றார் மருந்துக்காரர்.

வெல்டர் சுதாரித்துக்கொண்டார். "இன்ஜின் வெளியதான் நிக்கும். கேபிளை மட்டும் உள்ள இழுத்துக்குவேன்."

"அப்ப பொறி?"

"பொறி உள்ளதான் பறக்கும்."

"அப்ப இங்கேருந்துதானே அளக்கணும்?"

கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். தையல் டேப்பின் நீளம் ஐந்தடி. ஏழு முறை போட்டால் கணக்கு சரியாக வரும். வெல்டர் நிற்கப்போகும் இடத்திலிருந்து அளக்க ஆரம்பித்தாள். மூன்றாவது முறை போடும்போதே பக்கத்துக் கடையையும் முன்னறையையும் பிரிக்கும் தகரத் தடுப்பில் டேப் முட்டி நின்றது.

"தகரம் வந்துடுச்சுங்க. அந்தப் பக்கம் பரவாயில்லையா?"

"பரவாயில்லையாவா!" வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "ஆபத்தே அந்தப் பக்கம்தான்! தகரம் சூட்டைக் கடத்தும். கீழ இடுக்கு வழியா பொறி புகுந்துடும். இந்தப் பக்கம் நாம பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டிருப்போம். அந்தப் பக்கம் அது பாட்டுக்குப் பத்தி எரிஞ்சுக்கிட்டிருக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்காம வெல்டிங் குச்சியைத் தொடறவன் வெல்டரே இல்ல!"

"அண்ணே," என்று மனைவி மரியாதையாகத் திரும்பினாள். "அந்தப் பக்கம் உங்க சரக்கு அறைதானே? என்ன வெச்சிருக்கீங்க?"

மருந்துக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஸ்பிரிட்டு," என்றார். "பஞ்சு. அட்டைப்பெட்டி. மேல திரும்பவும் ஸ்பிரிட்டு." பிறகு வெல்டரைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். "தம்பி, நீ இங்க ஒரு தீக்குச்சி உரசினாக்கூட நான் தெருவையே கூட்டிடுவேன், பாத்துக்க."

"அண்ணே, நான் உங்களைச் சாட்சிக்குத்தான் கூப்பிட்டேன்!"

"நல்லவேளை கூப்பிட்ட!"

பிறகு மூவருமாக மெஷினைத் தள்ளினார்கள். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு. கொட்டகையிலேயே வேலையை வைத்துக்கொள்ளலாமே என்று வெல்டர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"தரை ஈரமா இருக்கேங்க. ஈரத்துல நின்னு கரன்ட் வேலை பண்ணலாமா?"

நாக்கு வளையவில்லை. "கூடாது."

"அந்தக் கேன்ல என்ன? டீசலா? இன்ஜின் சூடா இருக்கறப்ப ஊத்தலாமா?"

"ஊத்தவே கூடாது. அணைச்சு, ஆறினப்புறம்தான்."

"காது?"

"அடைச்சுக்கணும்."

"அது ரொம்ப நாளா அடைச்சுத்தான் இருக்கு," என்று மருந்துக்காரரிடம் சொன்னாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் மெஷின் இன்னும் பின்னால் நகர்ந்தது. கடைசியில் பின்மனையின் கோடியில், மரமோ கூரையோ இல்லாத மொட்டை வெயிலில், துணி காயும் கொடியிலிருந்து ஏழு டேப் தூரத்தில் போய் நின்றது. வேலை செய்ய இது, ஆறினபின் நிறுத்திவைக்கக் கொட்டகை என்று முடிவாயிற்று. முடிவு செய்தது யார் என்று வெல்டருக்கு நினைவில்லை. முன்னறையில் அதற்குள் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

முன்னறை போயிற்று. ஆனால் தோற்றவன் எதையாவது மிச்சம் பிடிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியுமா? மத்தியானச் சாப்பாட்டின்போது கடைசி அஸ்திரத்தை எடுத்தார். தினமும் கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்கார ஒரு வழி.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வேலை முடிஞ்ச கையோட என்னால உள்ள வர முடியாது. காய் வாங்கிட்டு வா, தண்ணி பிடின்னு எல்லாம் கூப்பிடக் கூடாது. எங்கயாவது கங்கு ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். அரை மணி நேரம் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

"கட்டாயமாங்க?"

"கட்டாயம்."

"தெனமுமா?"

"தெனமும். நகரவே கூடாது."

"கண்ணு அங்கயே இருக்கணும்?"

"அங்கயே!"

"கை?"

வெல்டர் கவளத்தைப் பாதியில் நிறுத்தினார். அத்தனை விதிகளையும் மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். கையுறை பற்றி இருந்தது. கைக்குக் காயம்பட்டால் என்ன செய்வது என்பது இருந்தது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கை என்ன செய்யவேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை.

"கைக்கு ஒண்ணும் சொல்லலை," என்றார். நாக்கு அப்போதும் வளையவில்லை.

மறுநாள் மாலை கேட்டின் முதல் சட்டத்தை ஒட்டி முடித்து, இன்ஜினை அணைத்து, முகமூடியைக் கழற்றினார். ஏழு டேப் தூரத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தது. அதன்மேல் ஒரு கூடை. கூடைக்குள் பள்ளிக்கூடச் சட்டைகள், நூல் கோத்த ஊசி, ஒரு டப்பா நிறையப் பொத்தான்.

அந்தக் கடையில் தைத்த சட்டைகளில் பொத்தான் மட்டும் அறுந்து விழுவதே இல்லை என்று இப்போது பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.