ஷார்ட்கட் அண்ணன் டைப் செய்கிறார்

மவுஸை ஷார்ட்கட் அண்ணன் அளவுக்கு வெறுத்த மனிதர் இந்தப் பூமியில் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் தூத்துக்குடியில் பிறக்க மாட்டார்.

அவருடைய மவுஸ் மேஜை டிராயருக்குள் குப்புறக் கிடக்கும். எல்லாம் கீபோர்டுதான். ஏன் இந்தக் கொலைவெறி என்று நான் கேட்டால், பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற எங்கள் ஊர் 'ளா'வைச் சேர்த்து, "கை கீபோர்ட விட்டு மவுசுக்குப் போயி திரும்பி வாரதுக்குள்ள கப்பலே கெளம்பிப் போயிரும்ளா" என்பார். எந்தக் கப்பல், அதில் இவருக்கு என்ன வேலை என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் எங்கள் ஆபீஸ். உப்பு லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுவோம். அவர் புரோகிராமர். நான் டெஸ்டர். அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. வீட்டில் சும்மா செய்துகொண்டிருந்த வேலைக்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள்.

"ஒரே காரியத்த மூணு தடவ கையால செஞ்சவன் மனுசன் இல்லளா, மிஷின்" என்பது அண்ணனின் கொள்கை. அதனால் எதையும் முழுசாக டைப் செய்ய மாட்டார். இரண்டு எழுத்து தட்டினால் அது ஒரு பத்தியாக விரியும்படி ஒரு டூல் வைத்திருந்தார். 'வண' என்று தட்டினால் வணக்கத்தில் தொடங்கி நலம் விசாரித்து, மழை உண்டா என்று கேட்டு முடியும். காலையிலிருந்து காப்பி செய்ததையெல்லாம் சேர்த்து வைத்து, வேண்டியதை வேண்டிய இடத்தில் ஒட்டுகிற இன்னொரு டூலும் உண்டு. அதை எனக்கும் போட்டுக் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அது இல்லாமல் இன்றைக்கு என்னால் ஒரு பக்கம் எழுத முடியாது.

டைமர் வைத்து வேலை செய்வார். மணி அடித்தால் ஒரு மக்ரூன், எங்கள் ஊர் முந்திரி இனிப்பு. அடுத்த மணிக்கு இன்னொன்று. வேலை நிறைய நடந்தது, சட்டையில் பட்டன் நிற்கவில்லை.

அவர் மேஜைமேல் ஒரு சங்கு இருக்கும். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற சொந்தக்காரர் ஒருவர் கொடுத்தது. புரோகிராமில் பிழை எங்கே என்று தெரியாவிட்டால், முதல் வரியிலிருந்து அந்தச் சங்குக்கு விளக்குவார். "இந்தால வண்டி வருது... எட பாக்கோம்... காலி வண்டி எடயக் கழிக்கோம்... ஐயையோ, ரெண்டு தடவ கழிக்கேன்!" முதலாளிக்கு அந்தச் சங்கைக் கண்டாலே ஆகாது. "ஏலே, அத உள்ள வையி. கம்பெனிக்கே சங்கு ஊதியாச்சுன்னு நெனச்சிருவானுவ" என்பார்.

கொள்கையை டீக்கடைக்கும் கொண்டுபோனார். "அண்ணாச்சி, இனிமே நான் 'மூணு'ன்னு சொன்னா, சீனி கம்மியா ஒரு டீ, ஒரு பருப்பு வட, சட்னி வேண்டாம்னு அர்த்தம்." அண்ணாச்சி தலையாட்டினார். மறுநாள் இவர் 'மூணு' என்றதும் மூன்று டீ வந்தது. "கூட எவம்ல வாரான்?" என்று அண்ணாச்சி ரோட்டைப் பார்த்தார். அண்ணன் மூன்றையும் குடித்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பார்த்தார்கள். பல இடம் பார்த்து, இவர் வாயைத் திறக்காததாலேயே எல்லாம் தட்டிப்போய், கடைசியில் வேம்பார்ப் பெண் செல்வி. அவளும் ஒரு எடைமேடையில்தான் வேலை பார்த்தாள், அதுவும் எங்கள் சாஃப்ட்வேரில். இந்த ஊர் உப்பு வேறு எங்கே போய் எடை பார்க்கும்? பார்த்துவிட்டு வந்த அண்ணன் அன்றைக்கு மக்ரூனைத் தொடவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மறுநாள் ஆபீசில் இருந்தபோது செல்வியின் வாட்ஸப் வந்தது. 'எங்க வீட்டுல முடிவு கேக்காவ. அதுக்கு முந்தி நீங்களே சொல்லுங்க. என்னயப் புடிச்சிருக்கா?'

போனில் தட்டுவது நேர விரயம் என்பதால் அண்ணன் வாட்ஸப்பையும் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தார். 'பிடிச்சிருக்கு' என்று தட்ட ஆரம்பித்து, 'பிடி' வரை வந்தார். அவ்வளவுதான். அனுப்புகிற பட்டனைத் தட்டுவதுகூட தனி உழைப்பு என்று அதையும் டூலிலேயே சேர்த்திருந்ததால், விரிந்த வேகத்தில் போயும் விட்டது.

'தங்கள் புகார் கிடைத்தது. குறைகள் அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும். சிரமத்திற்கு வருந்துகிறோம்.'

அழிப்பதற்குள் இரண்டு நீல டிக். அடுத்த நிமிடம் பதில். 'இது எங்க எடைமேடைக்கு நீங்க அனுப்புத பதில்லா? எனக்கும் இதானா? நீங்க லாரிக்கே பதில் சொல்லிட்டு இருங்க. வீட்டுல வேண்டாம்னு சொல்லிருதேன்.'

அண்ணன் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏளா, செஞ்சதத் திருப்பி எடுக்க கன்ட்ரோல் இசட் இல்லியே இதுக்கு."

"போயும் போயும் 'பிடி'யையா அண்ணே புகாருக்கு வச்சிய?"

"என் வாழ்க்கைல அந்த வார்த்தைய டைப் பண்ணவேண்டி வரும்னு நான் நெனைக்கலளா."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. "அந்த டூல மொதல்ல அணைங்க. முழுசா கையால தட்டுங்க" என்று விரட்டினேன்.

அணைத்தார். தட்டினார். அழித்தார். சங்கைத் திருப்பி வைத்து அதனிடம் என்னவோ சொன்னார். மறுபடி தட்டினார், அழித்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னளா, புது சாஃப்ட்வேரா?" என்றார். "பெரிய புராஜெக்ட் சார், தொந்தரவு பண்ணாதீய" என்று அனுப்பி வைத்தேன். டைமர் மணி அடித்தது, அண்ணன் காதில் விழவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை போனது.

'புடிச்சிருக்கு.'

பதில் வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. 'இந்த ஒத்த வார்த்தைக்கா இம்புட்டு நேரம்? டைப்பிங் டைப்பிங்னு வாரதும் போறதுமா, பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துட்டு. லாரிக்கு இப்பிடி மெனக்கெட மாட்டீயன்னு தெரியும். வீட்டுல சரின்னு சொல்லிட்டேன்.'

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நானும் பிறகு ஊரை விட்டு வந்துவிட்டேன். பொங்கலுக்கும் புது வருடத்துக்கும் அண்ணனிடமிருந்து வாழ்த்து வரும், நலம் விசாரித்து மழை உண்டா என்று கேட்டு முடியும். நான் சிரித்துக்கொள்வேன்.

போன வருடம் அப்பா இறந்துபோனார். போன் நிறைய விளக்குப் படங்களும் கைகூப்பிய பொம்மைகளும் வந்து விழுந்தன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஷார்ட்கட் அண்ணன் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. போனைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன்.

'ஏளா, சாப்டியா?'

அவ்வளவுதான். அன்றைக்கு முதல்முதலாக அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இன்னும் இல்லண்ணே' என்று ஒவ்வொரு எழுத்தாக நானும் கையாலேயே தட்டினேன்.