அந்த வண்டியின் முந்தின சொந்தக்காரன்

இந்த முறை வண்டியைத் தேர்ந்தெடுக்கப்போவது தான் மட்டும்தான், வேறு யாருடைய யோசனையும் தேவையில்லை என்று வெர்ன் ஹாகன்சன் சனிக்கிழமை காலை பான்கேக் தட்டின் முன் உட்கார்ந்து அறிவித்தார். முப்பத்தோரு வருஷ இல்லறத்தில் இது அவருடைய ஒன்பதாவது அறிவிப்பு. முந்தைய எட்டும் என்ன ஆயின என்று கேட்பது நாகரிகமில்லை.

அவர் மனைவி லவான் சிரப் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி, "சரி வெர்ன்," என்றார். அப்போதே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டில் வண்டி இல்லாமல் போன கதையை மினசோட்டாவின் அந்த வடகோடி ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். குளிர்காலத்தில் அங்கே ஏரி கல்லாக உறைந்துவிடும். ஜனங்கள் அதன்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பனியில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். மார்ச் பிறந்து பனி இளக ஆரம்பித்ததும் புத்தியுள்ளவர்கள் எல்லாரும் கரையேறிவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச் இருபத்தெட்டாம் தேதி, 'வேண்டாம் வெர்ன்' என்று லவான் மூன்று தடவை சொன்ன பிறகு, வெர்ன் ஏரிக்குப் போனார். போனவர் திரும்பி வந்தார். வண்டி வரவில்லை.

ஊர் இதை வெர்னின் முட்டாள்தனம் என்று சொன்னது. வெர்ன் இதை ஏரியின் நம்பிக்கைத் துரோகம் என்று சொன்னார்.

ஏரிக்கு அடியில் கிடந்த வண்டியைச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, இது தேறாது என்று எழுதி, எங்கோ கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தார் தயவில்தான் சவாரி. இப்போது லவானுக்கு நாற்பது மைல் தள்ளி ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தயவில் போகிற தூரமா அது?

லவான் மனசில் ஒரு வண்டி இருந்தது. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்ற இர்மாவின் வண்டி. வீட்டிலிருந்து தேவாலயம், தேவாலயத்திலிருந்து வீடு. வேறு உலகமே பார்க்காத வண்டி. ஒரே ஒரு குறை, நிறம். கத்தரிப்பூ நிறம். அதில் ஏறித் தூண்டில் கடைக்குப் போவதைவிட நடந்து போய் உறைந்து சாவது மேல் என்பது வெர்னின் கட்சி.

வெர்ன் மனசிலும் ஒரு வண்டி இருந்தது. புதன்கிழமை போனில் விளம்பரத்தைப் பார்த்து லவானிடமும் காட்டினார். கருஞ்சிவப்பு நிறம். ஓடியது இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் மைல். உரிமைப் பத்திரத்தில் 'ரீபில்ட்' என்று முத்திரை. அதாவது, ஒருமுறை செத்துவிட்டது என்று தள்ளப்பட்டு, யாரோ தட்டிக்கொட்டி, அரசாங்க ஆளிடம் காட்டி, மறுபடி உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்கின வண்டி. விவரமில்லாதவன் முத்திரையைப் பார்த்துப் பயந்து ஓடுவான், விவரம் தெரிந்தவன் பாதி விலைக்கு அள்ளிக்கொள்வான் என்று வெர்ன் விளக்கினார். அந்த ஊரில் விவரம் தெரிந்தவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. தன்னடக்கம்.

லவான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். உள்பக்கத்துப் படம் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, "வித்தியாசமா இருக்கு," என்றார். அந்தப் பக்கத்து ஜனங்கள் வாயிலிருந்து வரக்கூடிய மிகக் கொடூரமான வசைச்சொல் இது. வெர்ன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வண்டி பார்க்கப் போவதற்கு ஒரு வண்டி வேண்டுமே? சனிக்கிழமை லவான் இர்மாவின் வண்டியையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சாயங்காலம் தேவாலய விருந்துக்காக, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பெரிய கண்ணாடிப் பாத்திரம் பின்சீட்டில் ஏறியது. வெர்ன் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, ஊர் எல்லை தாண்டும்வரை சீட்டில் சறுக்கியபடியே வந்தார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு லவான் ஒரு தொப்பியை அழைத்துப்போவதாகத் தெரிந்திருக்கும்.

விற்கிறவர் பெயர் ஆர்லோ. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். காபி வேண்டுமா என்று கேட்டார். அங்கத்து முறைப்படி வெர்ன் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டார். லவான் மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றார். ஆர்லோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் அனுபவத்தில் அப்படி ஒருத்தர் சொன்னதே இல்லை.

ஆர்லோ நேர்மையானவர். எதையும் மறைக்கவில்லை.

"உள்ளதைச் சொல்லிடறேன். ஏலத்துல எடுத்தது. தண்ணிக்குள்ள கிடந்த வண்டி. எந்தத் தண்ணி, எப்படி விழுந்துதுன்னு யாரும் சொல்லல. எஞ்சினைப் பிரிச்சு மாட்டினேன், வயர் மாத்தினேன், பெயிண்ட் அடிச்சேன். ஒரு வருஷமா நானே ஓட்டறேன்."

தெற்கே எங்கேயோ ஆறு உடைத்துக்கொண்டு வெள்ளம் வந்திருக்கும், பாவப்பட்ட ஜனங்கள் என்று வெர்ன் தீர்ப்புச் சொன்னார். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். நேரில் பார்த்தவன்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டான்.

பிறகு பரிசோதனை. டயரை உதைத்தார். கதவைத் திறந்து மூடினார். கதவு விளிம்பில் சிவப்புக்கு அடியில் நீலம் தெரிந்தது. உயர்ந்த ரக வண்டிகளுக்கு அடிப்பூச்சு நீலத்தில்தான் கொடுப்பார்கள் என்று ஆர்லோவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதைக் கேட்டு ஆர்லோ ஆச்சரியப்பட்டார். வெர்ன் உள்ளே ஏறி ஆழமாக மூச்சு இழுத்தார். லேசான மீன் வாசனை. வெர்னின் முகம் மலர்ந்தது.

"லவான், இந்த சீட்டைப் பாரு. என் முதுகுக்கே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

"இருக்கும்," என்றார் லவான்.

"நம்மகிட்ட இருந்ததும் இதே கம்பெனி வண்டிதான். ஆனா இது தரமே வேற."

"அப்படியா?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது."

எதிரே இருந்த சின்னப் பெட்டியைத் திறக்கப் போனபோதுதான் அவர் புருவம் சுருங்கியது. பெட்டியின் கொக்கி உடைந்துபோய், தூண்டில் நரம்பால் கன்னாபின்னாவென்று கட்டியிருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டார். மென்று ஒட்டின சூயிங்கம், வரிசையாகப் பதினோரு உருண்டை, பாறை மாதிரி. ஏரித் தண்ணீராலும் கரைக்க முடியாத சொத்து.

தான் செய்த வேலையை வெர்ன் வாழ்நாளில் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவரில்லை.

"எவன்யா இவன்?" என்றார் அருவருப்போடு. "கொக்கியைத் தூண்டில் நரம்பால கட்டியிருக்கான். முடிச்சைப் பாரு, மாடுகூட இதைவிட நல்லாப் போடும்."

லவான் குனிந்து பார்த்தார். "அவ்வளவு மோசமான ஆளா வெர்ன்?"

"பின்ன? வண்டி தங்கம். வெச்சிருந்தவன்தான் தண்டம்."

"அந்த மாதிரி ஆள் கையில மறுபடி சாவி கொடுக்கலாமா?"

"சாவியா? ஆயுசுக்கும் பக்கத்து சீட்ல உக்கார வெக்கணும். மடியில எதையாவது கொடுத்து, சிந்தாமப் பிடிடான்னு சொல்லணும். அதுக்குத்தான் லாயக்கு."

"அடுத்த வண்டி எது வாங்கறதுன்னு அவனை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேக்கவே கூடாது. அவன் பெண்டாட்டின்னு ஒருத்தி இருப்பா, பாவம். அவ பார்த்து எது வாங்கறாளோ, வாயை மூடிட்டு ஏறிக்கணும்."

லவான் திரும்பி, "ஆர்லோ, நீங்களும் கேட்டுக்கிட்டீங்க இல்ல?" என்றார். ஆர்லோ தலையாட்டினார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

பிறகு லவான் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். முன் கண்ணாடியின் கீழ் மூலையில், தகட்டில் வண்டியின் எண் பொறித்திருக்குமே, அதைக் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று யாரோ சொல்லக் கேட்டதாகவும் சொன்னார். அதெல்லாம் சம்பிரதாயம் என்று முனகிக்கொண்டே வெர்ன் இறங்கி வந்து, பனியைத் துடைத்து, எண்ணும் எழுத்துமாக ஒவ்வொன்றாகப் படித்தார். லவான் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பதினேழும் முடிந்தது.

"சரியா இருக்கா?" என்றார் வெர்ன்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

"எதோட ஒத்துப் பார்க்கறே?"

லவான் காகிதத்தை நீட்டினார். இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம். இரண்டு வருஷத்துக்கு முந்தையது. மேலே வண்டி எண். அதற்குக் கீழே, நிறம்: நீலம். அதற்குக் கீழே, சேதத்தின் காரணம்: மார்ச் 28, ஏரி. அதற்கும் கீழே ஓட்டியவர் பெயர். அதை வெர்ன் படிக்கவில்லை. தெரிந்த பெயர்தான்.

கொட்டகைக்குள் ஒரு மாடு கத்தியது. சூழ்நிலை புரியாவிட்டாலும் மரியாதை தெரிந்த ஆர்லோ, இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டார். வெர்ன் முதல் தடவையிலேயே சரி என்று சொல்லிவிட்டார்.

திரும்புகிற வழியில் முதல் இருபது மைல் வெர்ன் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பாத்திரம் இப்போது அவர் மடியில் இருந்தது. வளைவில் பின்சீட்டிலிருந்து நழுவுகிறது என்று லவான் எடுத்து வைத்திருந்தார். இருபத்தோராவது மைலில் வெர்னின் பெருந்தன்மை மெல்லத் தலைதூக்கியது. இர்மாவின் வண்டி ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்றார். நிறத்தைக்கூட, சாயங்கால வெளிச்சத்தில், பொறுத்துக்கொள்ளலாம் என்றார்.

"இன்னிக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கறப்ப இர்மாகிட்ட லேசாப் பேசி வை. நான் ரெண்டு நாள் யோசிச்சு, வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிச் சொல்றேன்."

லவான் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமையே வாங்கிட்டேன் வெர்ன். சிந்தாமப் பிடி."