தேங்காய் நார் வாலும் இமயமலை வாத்தும்

ஒரு காட்டில், காடு என்ற போர்டு மட்டும் மிச்சமிருந்த ஒரு காட்டில், கூட்டுறவுக் கொட்டை வங்கி ஒன்று இருந்தது. வாலை மையில் தோய்த்துச் சீட்டில் ஒற்றினால் அதுதான் கையெழுத்து. முள் இருப்பவர்கள் முள்ளை ஒற்றலாம். மோசடித் தடுப்பு அதிகாரி தணிகாசலம் என்கிற ஆந்தை. பகலில் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. வேலை நேரம் பத்திலிருந்து ஐந்து வரை.

ரஞ்சிதம் என்ற அணில் அங்கே எழுநூற்று நாற்பது கொட்டை போட்டு வைத்திருந்தாள். அடைமழை பிடித்துவிட்டால் ஐந்து குட்டிகளுக்கும் அதுதான் சோறு. மழைக்கு முந்தின வாரம் எடுக்கப் போனால், கணக்கில் பத்துதான் இருந்தது.

"சார், ஒரு வருஷமா நான் இந்தப் பக்கமே வரலையே!"

தணிகாசலம் மோசடி கண்டுபிடிக்கும் புதுப் பொறியைத் தட்டிப் பார்த்தார். "தினமும் காலையில பத்தேகாலுக்கு ரெண்டு கொட்டை எடுத்திருக்கீங்க. முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள்ல ஒரு நாள்கூட விடலை. மோசடி பண்றவனுக்கு ஏதும்மா இவ்வளவு ஒழுக்கம்?"

அவர் தலைக்கு மேல் ஒரு வரித்தலை வாத்தின் படம் தொங்கியது. இமயமலையைப் பறந்தே தாண்டும் வாத்து. போன வருடம் வங்கி அதை அழைத்துப் பேச வைத்தது. "மூச்சு முட்டும், இறக்கை மரத்துப்போகும். இன்னும் ஒரு சிறகடி, அவ்வளவுதான்னு நினைச்சுக்குவேன்" என்றது வாத்து. தணிகாசலம் கேவிக் கேவி அழுதார். அன்றைக்கே பொறியை மாற்றி அமைத்தார். தினமும் விடாமல் நடந்தால் நல்லது, திடீரென்று நடந்தால் மோசடி.

ரஞ்சிதம் தன் வாலைச் சீட்டில் ஒற்றிக் காட்டினாள். மணி அலறியது.

"பழைய வால் எதோடயும் உங்க வால் ஒத்துப்போகலையே. உண்மையைச் சொல்லுங்க, நீங்க யாரு?"

வெளியே தள்ளிவிட்டார்கள். மறுநாள் பத்தேகாலுக்கு அவள் வாசலில் நின்று பார்த்தாள். பொன்முடி என்கிற முள்ளம்பன்றி வந்தான். தேங்காய் நாரில் கட்டிய வாலை மையில் தோய்த்தான், ஒற்றினான், இரண்டு கொட்டையை வாங்கி அடுத்த ஜன்னலில் தன் கணக்கில் போட்டான்.

"சார், அதோ, அவன்தான்!"

"அவரா? வாத்து பேசினப்ப முன் வரிசையில உக்காந்து குறிப்பெடுத்தவரும்மா அவரு. போங்க, போங்க."

பொன்முடி உதிர்த்துவிட்டுப் போன முள் ஒன்று தரையில் கிடந்தது. ரஞ்சிதம் அதை எடுத்துக்கொண்டாள். மறுநாள் அதை மையில் தோய்த்துப் பொன்முடியின் கணக்கிலிருந்து ஐந்து கொட்டை எடுத்தாள். ஒரே நாளில் ஐந்தைத் தாண்டினால்தான் பொறி விழிக்கும். அது தூங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். கொட்டுகிற மழையில் இரண்டு மைல் வந்தாள். காய்ச்சலோடு வந்தாள், கால் சுளுக்கிய நாளில் நொண்டிக்கொண்டே வந்தாள். அவள் படத்தை யாரும் சுவரில் மாட்டவில்லை. நூற்று நாற்பத்தெட்டாம் நாள் எழுநூற்று நாற்பது கொட்டை சேர்ந்துவிட்டது. கணக்கில் மிச்சமிருந்த அந்தப் பத்தையும் சேர்த்துப் பறிபோனது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்று எடுத்தாலும் திருட்டு என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் குட்டிகளை அணைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பத்தேகாலுக்கு வங்கியில் மணி அடித்தது. தினமும் வந்தவர், கணக்கில் கொட்டை இருந்தும் இன்று வரவில்லை.

தணிகாசலம் பணிக்காலத்தில் முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். பொன்முடியிடம் விசாரித்தார், மைத்தடத்தைத் தொடர்ந்தார், அணில் கூட்டுக்குள் முள்ளைக் கண்டுபிடித்தார்.

"ஏம்மா நிறுத்தினீங்க?" உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.

"என்னோடது எனக்கு வந்து சேந்துருச்சு சார்."

அதை அப்படியே ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்.

மிச்சமிருந்த கொட்டைகளைப் பொன்முடிக்கு நஷ்டஈடாகக் கொடுத்தார்கள். ரஞ்சிதத்தைக் கூண்டில் ஏற்றி வங்கி வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். குட்டிகள் ஐந்தும் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடின. உள்ளே வரிசையில் பொன்முடி நின்றுகொண்டிருந்தான். கையில் டோக்கன், இடுப்பில் இலவம்பஞ்சில் செய்த புத்தம்புது முயல் வால்.

நீதி: திருடுகிறவரை யாரும் பிடிப்பதில்லை, திருட்டை நிறுத்துகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.