தகரத்தில் காய்ந்த என்சைம்

கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்தக் குப்பியை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (கேட்காவிட்டாலும் சொல்வேன். வினை அங்கேதான் தொடங்கியது.)

தொண்ணூறுகளின் கடைசி. மாத்தளைக்கு வெளியே இருந்த எங்கள் ஆய்வுகூடத்தில் சிவகாமி என்ற முதுகலை மாணவி, மிளகுக் கொடியைத் தாக்கும் வைரஸின் மரபணு ஒன்றை பிளாஸ்மிட் எனும் டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றியிருந்தாள். ஏறியதா என்று பார்க்க, குறிப்பிட்ட ஆறு எழுத்துகள் வரும் இடத்தில் மட்டும் டி.என்.ஏ.யை வெட்டும் என்சைம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து அது வந்துசேர நான்கு மாதம் ஆனது. ஒரே குப்பி, அதில் சில துளிகள். மாத முடிவுக்குள் முடிவைக் காட்டாவிட்டால் அவளுடைய பல்கலைக்கழகப் பதிவு ரத்து.

கொழும்பிலிருந்து ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டி அதைக் கொண்டுவந்தவன் நான். "ஐஸை விட்டு ஒரு நிமிஷம் வெளிய வச்சாலும் செத்துரும்" என்று அவளை மிரட்டியவனும் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்து உறைபெட்டி பழுதானது. திங்கள் வரை இருக்கட்டும் என்று குப்பியை என் வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்தேன்.

மறுநாள் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக்கட்டு. காப்புக் கட்டினால் தேர் முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி வரக்கூடாது. மனைவி சரோஜா ஃப்ரிட்ஜைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்தச் சின்னக் குப்பி என்னா? சைவந்தானே?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும்.

"பாக்டீரியாவுல இருந்து எடுக்கிற என்சைம். கெடாம இருக்கக் கொஞ்சம் மாட்டு ரத்தப் புரதம் சேர்த்திருக்காங்க."

"மாட்டு ரத்தமா?"

"ரத்தம் இல்ல. ரத்தத்துல இருந்து பிரிச்ச..." என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவள் குறுக்கே பேசவில்லை. விளங்கிவிட்டது என்ற திருப்தியோடு தேங்காய், பழம் வாங்கப் போனேன்.

விளங்கித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது உச்சிவெயில். குப்பி விறகுக் கொட்டகைத் தகரத்தின் மேல் இருந்தது. எடுத்தேன், விரல் சுட்டது.

"வீசலங்க. ஆபீஸ் சாமான்னு பத்திரமாத்தான் வச்சேன்" என்றாள் சரோஜா.

குப்பியைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, திங்களன்று ஐஸில் புதைத்து, ஒன்றும் நடக்காதது போல சிவகாமியிடம் கொடுத்தேன்.

"சேர், என்சைம் வேலை செய்யுதான்னு பார்க்க, முதல்ல தெரிஞ்ச டி.என்.ஏ.ல ஒரு கன்ட்ரோல் ஓட்டவா?"

கன்ட்ரோல் இல்லாத பரிசோதனையைக் குப்பையில் போடச் சொல்லிப் பல பிள்ளைகளை அழவைத்தவன் நான். "வேணாம், என்சைம் வீணாகும்" என்றேன்.

பிளாஸ்மிட் வெட்டுப்படாமல் முழுசாக நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. "உன் கை நடுங்குது. பிப்பெட் பிடிக்கத் தெரியல" என்றேன். (எழுதும்போதும் காது சுடுகிறது.)

புதன்கிழமை கண் வீங்கி வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க சேர். சொல்லாம கன்ட்ரோல் ஓட்டினேன். அதுவும் வெட்டல. என்சைம் செத்துப்போச்சு. நான்தான் எப்பவோ ஐஸை விட்டு வெளிய வச்சிருக்கணும். பேராசிரியருக்கு அப்படியே எழுதிட்டேன். நீங்க கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தது... சாரி சேர்."

அவள் நீட்டிய கடிதத்தைப் படித்தேன். குற்றவாளியின் பெயரைத் தவிர ஒரு பிழை இல்லை. அப்போதுதான் காப்பு, மாடு, தகரம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

"அப்ப என் கை நடுங்கலையா சேர்?" என்று மட்டும் கேட்டாள்.

கடிதத்தை என் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பேராசிரியர் முன் நின்றேன். வேறோர் ஆய்வுகூடத்தில் சில துளிகள் இரவல் கிடைத்தன. பதிவை ஒரு மாதம் நீட்டினார்கள். மரபணு ஒழுங்காகவே ஏறியிருந்தது.

இன்றும் காப்புக்கட்டு நாளில் சரோஜா எல்லோர் முன்னிலும் ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து, "என்னங்க, இந்தத் தயிர்ல மாடு இருக்கா?" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சிவகாமி இப்போது விரிவுரையாளர். தேருக்குத் தவறாமல் வருவாள். விளிம்புவரை நிறைந்த தேநீர்க் கோப்பையை ஒரு சொட்டும் சிந்தாமல் என்னிடம் நீட்டி, "நடுங்குதா சேர்?" என்று கேட்பாள். அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். கோப்பையை வாங்கும்போது சிந்துவது நான்தான்.