ஆறு பேரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் உட்காருவார்

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள். பாதியில் தொடங்கத் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பாதியில் நிறுத்தவும் தெரியாது. அது அதே நோயின் வால்பக்கம். இவர்களிடம் மருந்துக்கடை எங்கே என்று கேட்டுப்பாருங்கள். கடை எதிரிலேயே இருக்கும், பச்சைச் சிலுவை விளக்கு கண்ணைக் குத்தும்; ஆனாலும் "ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினதும்..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். காலில் கல் குத்திய கதை என்றால், செருப்பை எந்தச் சந்தையில் வாங்கினார்கள், அன்று வெயிலா மழையா, கூட வந்த மைத்துனருக்கு அப்போது மீசை இருந்ததா என்பதையெல்லாம் தாண்டி, கேட்கிற உங்கள் கால் மரத்துப்போன பிறகுதான் கல்லுக்கே வருவார்கள். குறுக்கே பேசினீர்களா? தொலைந்தீர்கள். மறுபடியும் ரயில்வே ஸ்டேஷன்.

இந்த இனம் எல்லா ஊரிலும் தானாக முளைக்கும். அலிகாந்தே பக்கத்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மட்டும் உரம் போட்டு வளர்க்கிறார்கள், அதுவும் நகராட்சி செலவில். பழைய மீன் ஏலக் கூடத்து மாடியில், வெயிலைத் தேடி வடக்கே இருந்து வந்து, வந்த வாரமே வேகவைத்த இறால் நிறத்துக்கு மாறிவிடும் ஓய்வூதியக்காரர்களுக்கு எங்கள் ஸ்பானிஷ் மொழியை இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். தொடக்கமே, செய்கிறவரையே சுற்றிக்கொள்ளும் வினைச்சொற்கள்: எழுந்துகொள்வது, குளித்துக்கொள்வது, சவரம் செய்துகொள்வது. ஆள் மாறினால் சொல்லுக்கு முன்னால் ஒரு துண்டு மாறும், பின்னால் ஒரு வால் மாறும். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு ஆள். மே லெவான்தோ, தே லெவான்தாஸ், சே லெவான்தா, நோஸ் லெவான்தாமோஸ், ஓஸ் லெவான்தாய்ஸ், சே லெவான்தான். எழுந்துகொள்வதற்கே இவ்வளவு பாடு என்றால் படுத்தே கிடக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பள்ளியில் மூன்றாம் வருடத்தை நான் இரண்டு முறை படித்தவன், ஆகவே இரண்டு முறை இதைப் பாடியவன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு ஆகிவிடுகிறது.

காரணம் மாய்தே டீச்சரின் முறை. ஒவ்வொரு ஆளுக்கும் விரல் நீட்டிக் காட்டிச் சொல்ல வேண்டும். விரல் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. கற்றவர்கள் நேராகத் தெருவுக்கு இறங்குகிறார்கள். வாழைப்பழம் வாங்க வந்த பெல்ஜியத்துக்காரர், "நான் குளிச்சுக்கிறேன்" என்பார். "நல்லது" என்பார் கடைக்காரர். "நீ குளிச்சுக்கிறே" என்று விரல் அவர் பக்கம் திரும்பும். கடைக்காரர் மெல்லத் தன் அக்குளை மோந்து பார்ப்பார்.

இந்தக் கூட்டத்துக்கே மகுடம் எஸ்கில். நார்வேக்காரர், மனைவியை இழந்தவர், லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவைத் திறந்து பார்த்து மூடியவர் நடுவில் ஒரு மாடியை விடுவாரா? மதுக்கடையில் நாற்காலியைக் கண்டதும் "நான் உக்காந்துக்கிறேன்" என்று ஆரம்பித்து, ஆறு ஆளையும் உட்காரவைத்துவிட்டுத்தான் தான் உட்காரப் பார்ப்பார். டோமினோ ஆடிக்கொண்டிருக்கும் கிழவர்கள், விரல் தங்கள் பக்கம் வந்ததும், மரியாதைக்காக ஒருமுறை எழுந்து மறுபடி உட்காருவார்கள். எல்லாம் முடிந்து திரும்பினால் அவர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? "சார், ஏழாவதா ஒரு ஆள் இருக்கு. புறாவுக்கு மட்டும் சொல்றது. டீச்சர் சொல்லலையா?" என்றேன். ஒரு வாரம் சதுக்கத்தில் நின்று புறாக்களுக்கு விரல் நீட்டி 'எழுந்துகொள்' பாடம் நடத்தினார். புறாக்களும் எழுந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சிரித்தாயிற்றா? இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டிக்கடை என்கார்னா அக்காவுக்குக் கணவர் இல்லை. போன குளிர்காலத்தில் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டபோது, எஸ்கில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, அடித்தட்டிலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழற்றிச் சரிசெய்தார். அக்கா காபி கொடுத்தார். வாங்கும்போது எஸ்கில் சிவந்தார், கொடுக்கும்போது அக்கா சிவந்தார். அன்றிலிருந்து ஊருக்கே தெரியும். ஆனால் சரகோசாவில் இருக்கும் தங்கை, "கடையை வித்துட்டு இங்க வந்துடு, தனியா என்ன பண்றே" என்று தினமும் போனில் அரித்தாள். சான் ஹுவான் நெருப்பு விழா முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவதாக அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். எஸ்கில் ஒரு வார்த்தை கேட்டால் போகமாட்டார். இதுவும் ஊருக்கே தெரியும். மாய்தே டீச்சர் மனமிரங்கி, அந்த வாரப் பாடத்தில் 'கல்யாணம் பண்ணிக்கொள்வது' என்பதைச் சேர்த்தார். வம்பு பண்ணாத, ஒழுங்காக நடக்கிற வினைச்சொல்தான்.

சனிக்கிழமை காலை. கடையில் கூட்டம். எஸ்கில் முறை வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. நெஞ்சில் விரல் வைத்தார்.

"நான் கல்யாணம் பண்ணிக்கிறேன்."

அக்கா கையிலிருந்த இடுக்கி அந்தரத்தில் நின்றது. விரல் அவரைக் காட்டியது.

"நீ கல்யாணம் பண்ணிக்கிறே."

அடடா. இதோடு நிறுத்தக் கூடாதா? பின்னால் நின்ற மருந்துக்கடைக்காரி கைக்குட்டையை எடுத்தே விட்டாள். ஆனால் லிஃப்ட் இரண்டாம் மாடியில் நிற்குமா? விரல் நகர்ந்து, அரைக் கிலோ ரொட்டிக்குக் காத்திருந்த கசிமிரோ என்ற கிழவர் மேல் விழுந்தது.

"அவன் கல்யாணம் பண்ணிக்கிறான்."

"யாரை?" என்றார் கசிமிரோ. பல் செட் கழன்று வருவதைப் பிடித்துக்கொண்டார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கிறோம்." இதற்கு விரல் கடை முழுவதையும் ஒரு வட்டம் போட்டது. "நீங்க கல்யாணம் பண்ணிக்கிறீங்க" என்று மருந்துக்கடைக்காரியையும் அவள் பின்னால் நின்ற பாதிரியாரையும் காட்டியது. "அவங்க கல்யாணம் பண்ணிக்கிறாங்க" என்று, கண்ணாடிக்கு வெளியே ரொட்டி தின்றுகொண்டிருந்த இரண்டு போலீஸ்காரர்களிடம் போய் முடிந்தது.

எஸ்கில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு வால் தப்பவில்லை. முகமெல்லாம் வெளிச்சம். குனிந்து வணங்கி, ரொட்டியை எடுத்துக்கொண்டு, போயே போய்விட்டார்.

"இதுல நான் யாரோட சேர்த்தி?" என்று அக்கா கேட்டார். மத்தியானத்துக்குள், வரிசையில் அடுத்து வந்தவர் என்ற முறையில், மாப்பிள்ளை கசிமிரோதான் என்று மதுக்கடையில் முடிவாகிவிட்டது. கசிமிரோ தலைமுடி வெட்டிக்கொள்ளப் போனார். அக்கா சரகோசாவுக்குப் போன் போட்டு, நெருப்பு விழா வரைக்கும் காத்திருக்கப்போவதில்லை, திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன் என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

நான் எஸ்கிலைக் கடற்கரையில் பிடித்தேன்.

"எப்படிச் சொன்னேன்?" என்றார்.

"பிரமாதம் சார். எல்லாம் சரி. ஆனா அக்காகிட்ட நீங்க கேக்கவே இல்லையே?"

"கேள்வி வடிவம் அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் அவங்க சரகோசாவுல இருப்பாங்க. 'பண்ணிக்குவோமா'ன்னு கேட்டா போதும்."

"அது எதிர்காலம். எதிர்காலம் செப்டம்பர்ல ஆரம்பம்."

"அப்ப ரெண்டாவது ஆளோட நிறுத்துங்க சார். புண்ணியமாப் போகும்."

அவர் என்னைப் பார்த்தார். ஒருவரை மாடிக்கு நடுவில் லிஃப்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னதுபோலப் பார்த்தார். "மத்தவங்க என்ன ஆவாங்க?" என்றார்.

இவரிடம் பேசிப் பயனில்லை. ஆளை மாற்ற முடியாது என்றால் ஆட்களைக் காலி பண்ணலாம் அல்லவா? காட்ட ஆளே இல்லாவிட்டால் விரல் எங்கே போகும்? அந்த வாரப் பாடத்தைத் தினமும் ஒப்பிக்கிற எஸ்கில் ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழையும் வரை காத்திருந்து, வாசலில் நின்று கத்தினேன்.

"கிரேன் வருது! நகராட்சிக் கிரேன்!"

எங்கள் ஊரில் ரொட்டி வாங்குகிறவர் எவரும் காரை ஒழுங்காக நிறுத்தியது கிடையாது. தெருவை அடைத்து இரண்டாம் வரிசையில்தான்; கிரேன் வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். கடை ஒரே மூச்சில் காலியானது. பாதிரியார் முதல் ஆளாக ஓடினார். காரே இல்லாத கசிமிரோவும் முடி வெட்டிய தலையோடு வேடிக்கை பார்க்க ஓடினார். நான் ஜன்னலுக்கு அடியில் குந்திக்கொண்டேன், என்னையும் காட்டிவிடுவாரோ என்று.

"நான் கல்யாணம் பண்ணிக்கிறேன். நீ கல்யாணம் பண்ணிக்கிறே."

மூன்றாவது ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். விரல் காற்றில் தடுமாறி, சுவரைத் தேடி, கதவைத் தேடி, கடைசியில் அலமாரியில் சாய்ந்திருந்த ஒரு நீள ரொட்டியைக் கண்டுபிடித்தது.

"அவன் கல்யாணம் பண்ணிக்கிறான்."

அக்கா சிரிக்கவில்லை. ரொட்டியைப் பார்த்தார், சரி என்பதுபோல் தலையாட்டினார். விரல் திரும்பி வந்து, அக்காவையும் எஸ்கிலையும் மட்டும் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டது.

"நாம கல்யாணம் பண்ணிக்கிறோம்."

கிரேன் வராத கோபத்தில் ஊரே திரும்பி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. காட்டுவதற்கு ஆள் குவிந்துவிட்டது. விரல் கண்ணாடி பக்கம் கிளம்பியது. அக்கா கல்லா மேடையைச் சுற்றி வந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். பிடித்தாரே தவிர வாயை அடைக்கவில்லை. விரல் உள்ளங்கைக்குள் இருக்க, எஸ்கில் மெல்ல மீதி இரண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி முடித்தார். அக்கா அவசரமில்லாமல் நின்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரி. நாளைக்கு நான் பஸ் ஏறல. அந்த மாவு மூட்டையை இப்படி நகர்த்துங்க."

இப்போது அக்காவின் தங்கைதான் சரகோசாவிலிருந்து எனக்குப் போன் போட்டுத் திட்டுகிறாள். முதலிலிருந்து.

நல்லவேளை, நாம் அந்த இனமில்லை என்று மூச்சு விடுகிறீர்கள். ரொம்ப சரி. போகிற போக்கில் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: நவம்பர் மாதத்துக்கு முப்பது நாளா, முப்பத்தொன்றா? நேராக நவம்பரைச் சொல்லுங்கள்.

ஏன் முஷ்டியை மடக்குகிறீர்கள்? ஏன் முதல் விரல் முட்டியைத் தொட்டு ஜனவரி என்கிறீர்கள்?

பரவாயில்லை, போய் வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.