வைப்பர் அண்ணனும் வெள்ளை அஸ்காவும்

சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரைக்கும் சாமியை நம்பாதவர்கள் உண்டு, முதலாளியை நம்பாதவர்கள் உண்டு, புது டயரைக்கூட நம்பாதவர்கள் உண்டு. சொந்த ரத்தத்தையே நம்பாத மனிதர் ஒருவர்தான். அவர் வைப்பர் அண்ணன்.

ஆள் லாரிக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மாதிரியேதான் இருப்பார். ஒல்லி, நீளம், நடக்கும்போது இடமும் வலமுமாக ஓர் ஆட்டம். எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை ஏற்றிக்கொண்டு கேரளா போகிற லாரிக்கு அவர் டிரைவர், நான் இரண்டாம் டிரைவர். அதற்கு முன்னால் தறி ஓட்டியிருக்கிறேன், ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போட்டிருக்கிறேன், ஒரு மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பார்க்கிற ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் முட்டை ஏற்றிவிட்டு ஒரு முட்டைகூடத் தின்னாத ஆளை அங்கேதான் பார்த்தேன். "லோடுல கை வெக்கறவன் டிரைவரா?" என்பார். லோடு இறங்கிய பிறகு கடையில் ஆம்லெட் வாங்கிக் கொடுத்தாலும் தொட மாட்டார். "அதுவும் யாரோ ஏத்துன லோடுதானப்பா."

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று தாகம் ஆரம்பித்தது. கேன் தண்ணீர் ஈரோட்டைத் தாண்டுவதற்குள் காலியாகும். அதன் பிறகு வழியில் இருக்கிற மரத்தையெல்லாம் இறங்கி நலம் விசாரிக்க வேண்டியிருந்தது. இடுப்பு பெல்ட்டுக்கு ஆணியால் புது ஓட்டை போட்டார். ஒருநாள் பெருந்துறைக்குப் பக்கத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்து வண்டியை ஓரம் கட்டினார்.

முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். "டாக்டரம்மா சரின்னு சொல்ற வரைக்கும் நீ ஸ்டீரிங்கத் தொடப்படாது."

பெண்டாட்டியைப் பிரித்திருந்தால்கூட அண்ணன் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். இது நான் சொன்னதில்லை, அவர் பெண்டாட்டி மரகதக்காவே சொன்னது.

டாக்டரம்மா தெற்கத்திச் சீமையிலிருந்து புதிதாக வந்தவர். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கு" என்றார்.

"நல்லாப் பாருங்கம்மா. அது தொப்பைக்காரனுக்கு வர்றதுங்க. எனக்கு வந்தா எங்கீங்க உக்காரும்?"

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். மாத்திரை தர்றேன். சர்க்கரையை அடியோட நிறுத்திடுங்க."

ஸ்டீரிங் வேண்டுமே! அண்ணன் ராணுவக் கட்டளை போல எடுத்துக்கொண்டார். ஊட்டுக்குப் போனதும் சக்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து ஊட்டுக்குக் கொடுத்துவிட்டார். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "சக்கரைய உட்டுட்டேனப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

"சர்க்கரை சாப்பிடுறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"சாமி சத்தியமா இல்லீங்க!"

"டீ எப்படிக் குடிக்கிறீங்க?"

"அஸ்கா போட்டுத்தானுங்க. சக்கரை இல்லாததுக்கு இன்னும் ரெண்டு கரண்டி சேத்துப் போட்டுக்கறனுங்க."

"அஸ்காவா? அது என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் சக்கரை என்றால் பழுப்பாக இருக்கிற நாட்டுச் சக்கரை. கடையில் வெள்ளை வெளேரென்று விற்கிறதே, அதற்குப் பெயர் அஸ்கா. நான் விளக்கிச் சொன்னதும் டாக்டரம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அதுவும் கூடாதுங்க. வெள்ளையா இருக்கிற சோறு, மைதா எல்லாத்தையுமே குறைங்க" என்று கத்தினார்.

அண்ணன் காதில் 'வெள்ளை' மட்டும் விழுந்தது. சோறு போச்சு, இட்லி போச்சு. மோர் வெள்ளை, முள்ளங்கி வெள்ளை, தேங்காய் உடைத்தால் உள்ளே வெள்ளை. முட்டை ஏற்கெனவே லோடு. கடைசியில் மாத்திரையும் வெந்நீரும்தான் மிச்சம். பெல்ட்டில் ஓட்டை போட இடம் இல்லாமல் அரைஞாண் கயிற்றுக்கு மாறினார். பட்டறையில் காற்றடித்தால், "அண்ணனுக்கு ஒரு கயித்தப் போட்டுக் கட்டுங்கப்பா, பறந்துரப் போறாரு" என்று கிண்டல் செய்தார்கள்.

ஒருநாள் காலையில் அவர் ஊட்டுக்குப் போனேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்குகிறது, சட்டை வியர்வையில் ஊறியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. மரகதக்கா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "மாத்திரையப் போட்டுக்கிட்டு பட்டினி கிடந்தாரா? சர்க்கரை இறங்கிப்போச்சு. உடனே அந்த அஸ்காவைக் கரைச்சுக் கொடுங்க!" என்றார் மறுமுனையில்.

டாக்டரம்மாவும் அஸ்கா என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

தம்ளரைக் கொண்டு போனால் அண்ணன் தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார். "வேண்டாம்... ஸ்டீரிங்கு... போயிரும்..."

"உசுரு போனா ஸ்டீரிங்க எவன் புடிப்பான்? வாயத் தொறங்க!" என்று அக்கா ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையால் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அண்ணன் உதட்டை நக்கிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றிவிட்டு, இந்த முறை பொறுமையாகச் சொன்னார். "நீங்க குண்டா இல்லை, இளைக்கக் கூடாது. பட்டினி கிடந்தா சதைதான் கரையும். சாப்பிடணும். ஆனா ஒரேயடியா சோத்தைக் குவிக்காம, பருப்பு, கீரை, பயறு, முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலைன்னு பிரிச்சுப் பிரிச்சு சாப்பிடணும்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லுங்க! ஒரே பக்கமா லோடு ஏத்தப்படாது. அச்சுக்கு அச்சு பிரிச்சு ஏத்தோணும். இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?"

அன்றிலிருந்து தட்டு லாரியானது. முதலில் கீரையும் பொரியலும் ஏறும். அப்புறம் பருப்பு. சோறு கடைசியில், ஓரமாக ஒரு கிண்ணம். "ஓவர்லோடு வேண்டாம் மரகதம்" என்பார். "தார்ப்பாயும் போட்டுக் கட்டிரட்டுமுங்களா?" என்பார் அக்கா.

முட்டைக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. அதற்கும் அக்காவே வழி கண்டுபிடித்தார். கீறல் விழுந்த முட்டையை லோடில் ஏற்ற மாட்டார்கள். நல்ல முட்டையை எடுத்து, கரண்டியால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, அண்ணன் முன்னால் நீட்டினார். "கீறல் முட்டைங்க. கழிச்சுட்டாங்க."

அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டின சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்கும். "கழிச்சதுன்னா சரி" என்று வாங்கிக்கொண்டார். தினமும் ஒரு முட்டை கீறல் விழுந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தது. அரைஞாண் கயிற்றிலிருந்து பெல்ட்டுக்குத் திரும்பினார். ரத்தமும் வழிக்கு வந்தது. "மாத்திரையை விடாதீங்க, சாப்பாட்டு நேரத்தைத் தவற விடாதீங்க. வண்டி ஓட்டலாம்" என்றார் டாக்டரம்மா. சாவியைக் கையில் வாங்கிய அண்ணன், வண்டியில் ஏறியதும் எஞ்சினைக்கூடப் போடாமல் முதலில் ஹாரனை அடித்தார். தெரு நாயெல்லாம் எழுந்து ஓடியது.

முதல் நாள் மல்லசமுத்திரம் தாண்டி, மத்தியானம் ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினார். பையிலிருந்து இரண்டு டப்பா எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குங்ணா?"

"நீயும் என்னையாட்டம் ஒல்லி ஒடம்பு. கண்ட கடையில பரோட்டாவத் தின்னுட்டுத் திரியற. உங்கக்காகிட்டச் சொல்லிக் கட்டிட்டு வந்தேன். ஊரு திரும்புனதும் வா, டாக்டரம்மாகிட்ட ரத்தத்தக் குத்திப் பாத்துப்போடலாம்."

"நான் நல்லாத்தானுங்ணா இருக்கறேன்."

"தின்னு சாமி."

சற்று முன்னால்தான் லோடு ஏற்றுகிற இடத்தில் நாலு பரோட்டா தின்றிருந்தேன். வயிற்றில் கடுகளவு இடமில்லை. ஆனாலும் அந்த டப்பாவில் ஒரு பருக்கையை நான் மிச்சம் வைக்கவில்லை.